தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் மோட்டார் சூடாகிறது: 25 ஹெச்பி அவுட்போர்டு, நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை

கதவணைக்காரன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும் காவிரியில் மாமாவும் நானும் ஒரு ஃபைபர் படகு ஓட்டுகிறோம். வலை விடவும் எடுக்கவும் அதுதான். முன்பெல்லாம் பரிசல். போன வருசம்தான் மோட்டாருக்கு மாறினோம். படகின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு, 25 ஹெச்பி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். புதிது இல்லை, கடற்கரைப் பக்கமிருந்து கைமாறி வந்தது.

மெதுவாக ஓட்டினால் எவ்வளவு நேரமானாலும் ஒன்றும் ஆவதில்லை. பூலாம்பட்டிக் கரையை விட்டு மேற்கொண்டு ஆற்றை எதிர்த்து முழு வேகம் கொடுத்தால், பத்துப் பதினைந்து நிமிசத்தில் எச்சரிக்கை பஸ்ஸர் கத்துகிறது, வேகம் தானாக இறங்கிவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி கத்தும். இத்தனைக்கும் பின்பக்கத் துளையில் தண்ணீர் வேகமாகப் பீச்சுகிறது. கை வைத்துப் பார்த்தால் ஆற்றுத் தண்ணீர் மாதிரியே குளிர்ச்சியாக இருக்கிறது. விற்றவர் புது இம்பெல்லர் (தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப்பின் ரெக்கைச் சக்கரம்) போட்டுத்தான் கொடுத்தார்.

தண்ணீர் வருகிறதே, அப்புறம் ஏன் சூடாகிறது? ஊரில் ஒருத்தர் பஸ்ஸர் வயரைக் கழற்றிவிடுங்கள் என்கிறார். விடியற்காலை மீன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில் மாமாவும் சரி என்கிற நிலைக்கு வந்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

மேட்டூர் வலை

தம்பி, முதலில் ஒன்று. அந்த வயரைத் தொடாதீங்க. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்க.

பஸ்ஸர் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மோட்டார் போனால் காசோடு போயிற்று என்று விடலாம். அது எங்கே நிற்கும் என்று யோசியுங்க. நீங்கள் ஓட்டுவது கதவணைக்கு மேலே. கீழே 30 மெகாவாட் மின்நிலையம், 15 மெகாவாட்டில் இரண்டு டர்பைன். டர்பைன் ஓடும்போதும் ஷட்டர் தூக்கும்போதும் தண்ணீர் இழுக்கிற இழுப்பு, மேலே பார்த்தால் தெரியாது. தண்ணீர் அசையாமல் கிடக்கிற மாதிரிதான் இருக்கும். மோட்டார் செத்த படகு அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தால், கையில் துடுப்பு இல்லாதவன் என்ன செய்வான்?

சரி, இது முடிகிற வரைக்கும் படகில் இரண்டு துடுப்பு, நீளமான கயிறோடு நங்கூரம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கரையை விடாதீங்க. முடிந்த பிறகும் விடாதீங்க.

பஸ்ஸர் கத்தினால் உடனே ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்கு, இறக்குங்க. பின்னால் தண்ணீர் வருகிறதா பாருங்க. வந்தால் ஐடிலிலேயே கொஞ்சம் ஓடவிட்டு ஆறவிடலாம். வரவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, தூக்கிப் பார்த்து, கீழே தண்ணீர் இழுக்கிற சல்லடை வாயில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்க. ஆகாயத்தாமரை வேர், பாலித்தீன் பை, அறுந்த நைலான் வலை, இந்த மூன்றும்தான் நம் ஆற்றில் பாதிப் பிரச்சினை.

கொடுமுடி ஆற்றோரம்

அதோடு துணியையும் சேர்த்துக்கொள்ளுங்க. பரிகாரம் செய்து ஆற்றில் விடுகிற வேட்டி சேலை எங்கள் பக்கத்திலும் கூடுதுறையிலும் நிறைய மிதக்கும். எங்களுக்கு ஒருமுறை சூடானபோது சல்லடையை வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. சல்லடையைக் கழற்றியபோதுதான் உள்ளே சேலை நூல் பஞ்சு மாதிரி திரண்டு அடைத்திருந்தது தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடக்கூடாது.

ஈரோடு பட்டறை

கடற்கரையில் பல வருசம் அவுட்போர்டு வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து குடியேறியவன் நான். கதவணைக்காரரே, சில கேள்விகள் கேட்கிறேன். பதில் வந்தால் பாதி வேலை முடியும்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியில் புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டைப் பலகை இருக்குமே, அது படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்கிறதா, மேலே இருக்கிறதா? ஆயில் தனி டேங்கில் ஊற்றுகிறீர்களா, பெட்ரோலில் கலக்கிறீர்களா? (தனி டேங்க் உள்ள மாடல்களில் ஆயில் குறைந்தாலும் பஸ்ஸர் கத்தும், அதைச் சூடு என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு.) கத்தும்போது மூடியைத் திறந்து, சிலிண்டரை மூடுகிற தலைப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் பொரிகிறதா? தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினால் தண்ணீர் வழியைத் திறந்துவிடுகிற வால்வு) யாராவது கழற்றிப் பார்த்தார்களா?

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். விற்றவர் இம்பெல்லர் மாற்றினார் என்றீர்கள். பழைய இம்பெல்லர் எந்த நிலையில் இருந்தது?

கதவணைக்காரன்

நன்றிங்ணா. பலகை படகின் அடியைவிட ஓர் அங்குலம் கீழே இருக்கிறது. ஆயில் பெட்ரோலில் கலப்பதுதான், 50க்கு 1. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், மேல் சிலிண்டர் பக்கம் சுள்ளென்று பொரிந்து ஆவியாகிவிட்டது. கீழ் சிலிண்டர் பக்கம் அப்படி இல்லை. சல்லடையை மேட்டூர் அண்ணன் சொன்னபடி கழற்றியே பார்த்துவிட்டேன், சுத்தம்.

தெர்மோஸ்டாட்டை நாங்கள் தொட்டதில்லை. பழைய இம்பெல்லர் பற்றி விற்றவரிடம் போன் போட்டுக் கேட்கிறேன்.

அந்தியூர் பெட்ரோல்

எனக்கென்னவோ இது பெட்ரோல் பிரச்சினை என்றுதான் படுகிறது. 2025லிருந்து பங்கில் கிடைப்பதெல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் அதற்காகச் செய்ததே இல்லை. எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும், மெலிந்தால் சூடு ஏறும். முழு வேகத்தில் மட்டும் சூடாவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, அந்த மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுப் பாருங்கள்.

பீளமேடு பம்ப்

ஜெட்டை மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க. எனக்கு அவுட்போர்டு பழக்கம் குறைவு, பம்ப்பு பழக்கம் அதிகம். வீட்டிலேயே பம்ப்செட் பட்டறை, பிறந்ததிலிருந்து அதற்குள்தான் இருக்கிறேன். இந்தக் கேஸை பம்ப்பாகவே பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது.

அவுட்போர்டில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். அது உட்காரும் கிண்ணம் நடு அச்சில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது ரெக்கைகள் கிண்ணத்தின் சுவரை ஒட்டியே நகரும். இடுக்கில் மாட்டிய தண்ணீர் தப்ப வழியில்லாமல் மேலே தள்ளப்படும். வேகம் ஏற ஏற, தண்ணீரின் எதிர்ப்பில் ரெக்கைகள் உள்பக்கம் மடங்கிவிடும், சுவரைத் தொடாது. அப்போது அது நம் கிணற்று மோனோபிளாக் பம்ப்பு வேலை செய்கிற முறைக்கு மாறிவிடுகிறது, சுற்றுகிற வேகத்தில் தண்ணீரை வெளியே வீசும்.

ஆகவே ரெக்கை தேய்ந்திருந்தால் முதலில் அடிபடுவது ஐடில் ஓட்டம். நின்ற இடத்தில் சூடாகும், வேகம் கொடுத்தால் சரியாகும். இவருக்கு நேர் எதிர். மெதுவாகப் போனால் நிம்மதி, வேகம் கொடுத்தால் சூடு. அப்படியென்றால் பம்ப்பு தள்ளுகிறது, தள்ளிய தண்ணீர் போக வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு போகவில்லை. தண்ணீரை இழுக்கிற சக்சன் பக்கம் சல்லடை சுத்தம் என்கிறார். மிச்சம் தண்ணீரைத் தள்ளுகிற டெலிவரி பக்கம்.

அப்புறம், ‘தண்ணீர் வேகமாகப் பீச்சுகிறது’ என்று எழுதியிருக்கிறாரே, அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டெலிவரி லைனில் ஒரு வால்வை அடைத்தால், அதற்கு முன்னால் பிரிகிற கிளைக்குழாயில் அழுத்தம் கூடும். அந்தத் துளைக்குத் தண்ணீர் எங்கிருந்து பிரிகிறது? பட்டறை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஈரோடு பட்டறை

பீளமேடு அக்கா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

பின்னால் பீச்சுகிற தண்ணீரைப் பார்த்து ‘கூலிங் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்கிற பழக்கம் கடற்கரை முழுக்க உண்டு. அந்தத் தண்ணீர் சொல்வது ஒன்றே ஒன்றுதான், பம்ப்பு சுற்றுகிறது, குழாயில் தண்ணீர் ஏறுகிறது. அவ்வளவு. மாடலுக்கு மாடல் இது மாறும். சிலவற்றில் தலைப்பகுதியைச் சுற்றி வந்த தண்ணீர்தான் துளைக்கு வரும், அது வெதுவெதுப்பாக இருக்கும். சிறிய டூ ஸ்ட்ரோக் நிறையவற்றில் தண்ணீர் தலைக்குப் போவதற்கு முன்பே, கீழேயே பிரிந்து துளைக்கு வந்துவிடும். இவர் மோட்டாரில் தண்ணீர் குளிர்ச்சியாக வருகிறது, அதே நேரம் மேல் சிலிண்டரில் தண்ணீர் பொரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்க. தண்ணீர் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது.

அந்தியூர்க்காரர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. எத்தனால் பழைய ரப்பர் ஓஸ்களை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடு ஏறும், எல்லாம் உண்மை. ஆனால் மெலிந்த கலவையின் சூடு பிஸ்டனிலும் ஸ்பார்க் பிளக்கிலும்தான் முதலில் தெரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளையாக வெந்திருக்கும். கதவணைக்காரரே, முழு வேகத்தில் ஓட்டி அப்படியே நிறுத்தி இரண்டு பிளக்கையும் பாருங்க. இரண்டும் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் ஜெட்டை மறந்துவிடலாம்.

கதவணைக்காரன்

பிளக் பார்த்துவிட்டேன். இரண்டும் பழுப்பு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. வெள்ளையும் இல்லை, கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்றும் இல்லை.

விற்றவரிடம் பேசினேன். நல்ல மனுசர், ஒளிக்காமல் சொன்னார். கடலில் ஒருநாள் தண்ணீர் வராமல் நின்றுவிட, உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து இம்பெல்லர் மாற்றினாராம். பழையது நாங்கள் மோட்டாரோடு வாங்கிய சாமான் டப்பாவிலேயே கிடக்கும் என்றார். தேடி எடுத்தோம். மொத்தம் ஆறு ரெக்கை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் அடியோடு பிய்ந்துபோயிருக்கிறது.

ஈரோடு பட்டறை

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

அந்த மூன்று ரெக்கையும் கரைந்துபோகவில்லை. கடலில் விழுந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு, பம்ப்பு தண்ணீரை மேலேதான் தள்ளும். தண்ணீரோடு மேலே ஏறி, உங்கள் மோட்டாருக்குள் ஏதோ ஒரு முடுக்கில் உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டுத் தண்ணீர் பீச்சியதும் அந்த மெக்கானிக் வேலை முடிந்ததென்று விட்டுவிட்டார். பழைய இம்பெல்லரைக் கையில் எடுத்தால் முதலில் ரெக்கையை எண்ண வேண்டும். குறைந்தால், குறைந்த துண்டுகள் கைக்கு வரும்வரை மோட்டாரை மூடக்கூடாது. இது ஒவ்வொரு பட்டறையிலும் சுவரில் எழுதி மாட்ட வேண்டிய விசயம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பொறுமையாகச் செய்யுங்க.

கீழ்ப்பகுதியை, அதாவது கியர்பாக்ஸை, போல்ட் எடுத்து இறக்குங்க. கியர் மாற்றுகிற கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க மறக்காதீங்க. இறக்கியதும் மேலே நீண்டிருக்கும் செம்புக் குழாய் தெரியும், அதுதான் தண்ணீர் ஏறுகிற வழி. பம்ப்பைத் திறந்து இப்போதைய இம்பெல்லரையும் பாருங்க. கிண்ணத்தின் உள்ளே, அடித்தட்டில் விரல் நகத்தை ஓட்டினால் கோடு தட்டுப்பட்டால் அந்த இரண்டையும் மாற்ற வேண்டும். முன்னே மணலோடு ஓடிய மோட்டார், கோடு இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து மேலே தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து தெர்மோஸ்டாட்டை வெளியே எடுங்க. அந்த வழியாகத் தோட்டத்து ஓஸை வைத்துத் தண்ணீரைத் தலைகீழாக விடுங்க, மேலிருந்து கீழே. செம்புக் குழாய் வழியாகக் கீழே கொட்ட வேண்டும். கீழே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வையுங்க. துண்டு விழுந்தால் தெரியும்.

மூன்றும் வரவில்லை என்றால் தலையைத் திறந்துதான் ஆக வேண்டும். கடலில் ஓடிய மோட்டார், அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், உப்பு. மூன்றும் சேர்ந்தால் போல்ட் கல்லாக இறுகியிருக்கும். வேகமாகத் திருகினால் தலை முறிந்து தனியே வரும். முந்தின நாள் ராத்திரியே துரு விடுவிக்கிற எண்ணெயை எல்லா போல்ட்டிலும் அடித்து வையுங்க. காலையில் பெட்ரோல் டேங்க், ஓஸ் எல்லாவற்றையும் தூரமாகக் கொண்டுபோய்விட்டு, போல்ட்டைச் சுற்றிய அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடு பண்ணுங்க. முதலில் இறுக்குகிற பக்கம் இம்மி அளவு, அப்புறம் கழற்றுகிற பக்கம், மறுபடி இறுக்குகிற பக்கம். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும், அது வந்தால் போல்ட் உங்கள் வழிக்கு வந்துவிட்டது.

தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற புது கேஸ்கெட் கையில் இல்லாமல் தலையைத் திறக்காதீங்க.

பீளமேடு பம்ப்

தெர்மோஸ்டாட் வெளியே வந்ததும் அதையும் சோதித்துவிடுங்க. அதன் மேல் எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பொறித்திருக்கும். அவுட்போர்டில் பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி இருக்கும், கார் தெர்மோஸ்டாட்டைவிட ரொம்பக் குறைவு. ஒரு நூலை அதன் வால்வு இடுக்கில் கவ்வவிட்டு, பாத்திரத் தண்ணீருக்குள் அடியில் படாமல் தொங்கவிடுங்க. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அடுப்பை மெதுவாக ஏற்றுங்க. திறக்கிற சூடு வந்ததும் வால்வு நூலை விட்டுவிடும், தெர்மோஸ்டாட் ‘டொக்’கென்று பாத்திரத்தின் அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. கொதிக்கிற வரைக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்க.

தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் பேருந்து லாரிகளில் அப்படிச் செய்கிற வழக்கம் இருக்கிறது. அவுட்போர்டில் வேண்டாம். எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது, பிளக்கில் கரி பிடிக்கும், பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும்.

மேட்டூர் வலை

சுத்தம் பண்ணுகிறேன் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடாதீங்க தம்பி. அது அலுமினியத்தைத் தின்றுவிடும். சமையல் வினிகர் போதும். ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்க.

கதவணைக்காரன்

திறந்தாச்சுங்க. விவரமாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும்.

ஓஸை வைத்துத் தலைகீழாகத் தண்ணீர் விட்டதும் முதலில் கறுப்பாகக் கலங்கல், அப்புறம் வெள்ளை மணல் மாதிரி ஒன்று. மாமா விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து ‘உப்பு’ என்றார். காவிரித் தண்ணீரிலேயே இத்தனை மாதம் ஓடியும் அந்த உப்பு உள்ளேயே கிடந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ரெக்கை முழுசாகத் துணியில் விழுந்தது. இன்னொன்று இரண்டு துண்டாக வந்தது.

மூன்றாவது வரவே இல்லை. தலையைத் திறந்தோம். ஈரோட்டு அண்ணன் சொன்ன முறையில் எல்லா போல்ட்டும் முறியாமல் வந்தது, ஒன்றைத் தவிர. அது பாதியில் நின்றுகொண்டு முக்கால் நாள் பாடு படுத்தியது, கடைசியில் வந்துவிட்டது.

உள்ளே பார்த்ததும் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. கீழ் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் வழி ஓரளவு திறந்திருக்கிறது. மேல் சிலிண்டருக்குப் போகிற வழியில், விரல் நுழைகிற ஒரு வளைவில், மூன்றாவது ரெக்கை குறுக்கே மாட்டியிருக்கிறது. அதன் பின்னால் உப்பும் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகி, வழியை ஊசித்துளை அளவுக்கு ஆக்கிவிட்டது. மெதுவாகப் போகும்போது அந்த ஊசித்துளைத் தண்ணீரே போதுமாக இருந்திருக்கிறது. அதனால்தான் மேலே மட்டும் பொரிந்தது.

தெர்மோஸ்டாட்டையும் நூலில் தொங்கவிட்டோம். தண்ணீர் கொதித்தும் அது விழவில்லை.

ஈரோடு பட்டறை

மூன்றும் கணக்குக்கு வந்துவிட்டது. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், மாமாவுக்கும் சொல்லுங்க.

மூடும்போது கவனிக்க வேண்டியவை. தலையின் முகத்தையும் பிளாக்கின் முகத்தையும் கீறாமல் சுத்தம் செய்து, ஒரு நேர்க்கோல் வைத்து வளைவு இருக்கிறதா பாருங்க. பலமுறை சூடான தலை வளைந்திருக்கலாம். வளைந்திருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்ச் சமன் செய்ய வேண்டும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் இறுக்குங்க, ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு சுற்றாக. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம்.

இம்பெல்லர் மாட்டும்போது ரெக்கையில் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி, டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை இறக்குங்க. ரெக்கைகள் சரியான பக்கம் மடங்கி உட்காரும். அரைவட்டக் கீ நழுவி விழாமல் பார்த்துக்கொள்ளுங்க, அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சுற்றாது. கீழ்ப்பகுதியை மேலே ஏற்றும்போது செம்புக் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் நேராக நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்க. அது விலகி உட்கார்ந்தால் பாதித் தண்ணீர் வெளியே போய்விடும், நீங்கள் திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

பீளமேடு பம்ப்

ஒரு கேள்விங்க. கரையில் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்ப்பீர்களே, அதற்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கதவணைக்காரன்

வீட்டு போர் தண்ணீருங்க. பக்கத்தில் இருப்பது அதுதான். விற்றவர் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார், அதனால் ஓட்டி வந்ததும் போர் தண்ணீர் விட்டுக் கழுவுவோம்.

பீளமேடு பம்ப்

கடலில் ஓடுகிறவருக்கு அது சரியான அறிவுரை. நமக்கு அது பொருந்தாது. நம் பக்கத்து போர் தண்ணீர் கடினத் தண்ணீர், சூடுபட்டால் சுண்ணாம்பு விடும். கீசரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மோட்டாருக்குள்ளும் சூடான சுவரில்தான் அது முதலில் படியும், தெர்மோஸ்டாட்டைத்தான் முதலில் பிடிக்கும். நீங்கள் ஓடுவது காவிரியில். அந்தத் தண்ணீரே போரைவிட மென்மையான தண்ணீர். அதையே ஒரு டிரம்மில் பிடித்து, கலங்கல் அடங்கவிட்டு ஓட்டுங்க. சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற பாக்கியம் எல்லோருக்கும் இல்லை.

டிரம்மில் ஓட்டும்போது தண்ணீர் மட்டம் பம்ப்புக்கு மேலே, அந்தத் தட்டைப் பலகை முங்குகிற வரைக்கும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ஒரு நொடி’ ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் ரப்பர் ரெக்கைக்கு எமன். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் மட்டும் ஓட்டுங்க. கொட்டகைக்குள் வேண்டாம், புகை ஆளைச் சாய்த்துவிடும்.

மேட்டூர் வலை

இதில் ஒன்று சேர்க்கிறேன். வெள்ளம் வரும்போது செந்தண்ணீர் ஓடுமே, அந்த நாட்களில் படகை எடுக்கவே வேண்டாம், அது வேறு கதை. வெள்ளம் வடிந்த பிறகும் கொஞ்ச நாள் வண்டல் மிதந்துகொண்டே இருக்கும். கதவணையில் தண்ணீர் மட்டம் இறங்குகிற நேரத்தில் கரையோரம் மோட்டாரை முழுசாக இறக்கி ஓட்டினால் சேற்றையே குடிக்கும். கரையிலிருந்து துடுப்பால் தள்ளி, ஆழம் வந்த பிறகு மோட்டாரை இறக்குங்க.

கதவணைக்காரன்

புது கேஸ்கெட், புது தெர்மோஸ்டாட், புது இம்பெல்லர், கிண்ணம், அடித்தட்டு எல்லாம் போட்டு மூடிவிட்டோம். தலை வளையவில்லை, நேர்க்கோல் வைத்துப் பார்த்தாச்சு.

இன்று காலை பூலாம்பட்டிக் கரையிலிருந்து எதிர்த்து முழு வேகத்தில் போய்விட்டு வந்தோம். பஸ்ஸர் சத்தமே இல்லை. சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பளபளப்பான அலுமினியத்தில் அது தப்புக் கணக்குக் காட்டும் என்று படித்ததால், இரண்டு சிலிண்டர் தலையிலும் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல, 60 டிகிரியைத் தொடவில்லை.

பீளமேடு அக்காவுக்கு ஒரு செய்தி. பின்னால் பீச்சுகிற தண்ணீரின் வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது! முன்பு கரையில் நின்றவர் மேலேயே அடிக்கும், இப்போது சாதாரணமாக வளைந்து விழுகிறது. நீங்கள் சொன்ன அழுத்தக் கணக்கு அப்படியே சரி. அதைப் பார்த்த மாமா முதலில் பயந்துபோய் ‘பம்ப்பு வீக் ஆயிருச்சா’ என்றார். டெம்பரேச்சரைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

துடுப்பும் நங்கூரமும் படகிலேயே இருக்கிறதுங்க மேட்டூர் அண்ணா.

பீளமேடு பம்ப்

கேட்கவே சந்தோசமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் இப்போது எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. நல்ல நிலையில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்க முடியும்.

ஈரோடு பட்டறை

ஆமாம், கூடினாலும் என்று சொன்னது முக்கியம். எல்லோரும் குறைகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இம்பெல்லரை இனி வருசத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்க, நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் சரி. தண்ணீர் குறைந்து மாதக்கணக்கில் படகைக் கரையில் போட்டு வைத்தால் ரப்பர் மடங்கிய நிலையிலேயே விறைத்துப்போகும், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது பிய்யும். கழற்றியதும் ரெக்கையை எண்ணுங்க.

ஆழியாறு

இழை முழுக்கப் படித்தேன், ரொம்ப உபயோகமாக இருந்தது. என்னிடம் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக், எனக்கு இதற்கு நேர் எதிராக ஐடிலில் மட்டும் பஸ்ஸர் கத்துகிறது. வேகம் கொடுத்தால் நின்றுவிடுகிறது. பீளமேடு அக்கா சொன்ன கணக்குப்படி இம்பெல்லர்தானா?

ஈரோடு பட்டறை

முதல் சந்தேகம் அதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்க, ஆயில் அழுத்தம் குறைந்தாலும் ஐடிலில்தான் முதலில் கத்தும். எந்த விளக்கு எரிகிறது, பஸ்ஸர் விட்டு விட்டு வருகிறதா தொடர்ந்து வருகிறதா, மாடல் எண் என்ன, இவற்றோடு தனி இழை தொடங்குங்க. அங்கே பேசலாம்.